மண்டிக் கணக்கப்பிள்ளையின் வானக் கணக்கு



"போன வருஷம் என்ன பண்ணினீங்க, இந்த வருஷம் என்ன பண்ணப் போறீங்க, அதைப் பேசுங்க சார்" என்று இந்த நூலக வாசகர் வட்டத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைப் பேச நான் என்ன அமைச்சரா? முப்பது வருஷம் அரிசி மண்டியில் பேரேடு எழுதியவன். பகலில் மூட்டைக் கணக்கு, ராத்திரியில் மொட்டை மாடியில் நட்சத்திரக் கணக்கு. மண்டி வேலையை விட்டுவிட்டேன், மாடி வேலை விடவில்லை. எங்கள் தெருவில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே சொல்ல மாட்டேன், பின்வரிசையில் சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் அவன் கணக்குத்தான் சொல்வான். 2025இல் 365 ராத்திரி. அதில் நான் மாடி ஏறியது 212. ஏறியும் மேகத்தைத் தவிர வேறெதுவும் பார்க்காதது 90. அந்த 90 பக்கங்களிலும் ஒரே வரிதான்: "மேகம். தெரியவில்லை." என் வீட்டுக்காரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை எழுதறதுக்கா நூத்தி இருபது ரூபாய்க்கு நோட்டு வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மண்டியில் சரக்கு வராத நாளுக்கும் தேதி போட்டு "வரவு இல்லை" என்று எழுதாவிட்டால் முதலாளி சும்மா விடுவாரா? பக்கம் காலியாக இருந்தால் சரக்கு வரவில்லையா, இல்லை நான்தான் வேலைக்கு வரவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

சரி, மாடியில் அப்படி என்னதான் பார்க்கிறேன்? நேற்று ஆருத்ரா தரிசனம். களியும் கூட்டும் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தத் திருவாதிரை நட்சத்திரத்தைத்தான் பார்க்கிறேன். மார்கழி மாதத்தில் இருட்டியதும் கிழக்கே சிவப்பாக எரியுமே, அதுதான். அது ஒரே அளவில் ஒளிர்கிற நட்சத்திரம் இல்லை, கூடும், குறையும். 2019 கடைசியில் மங்க ஆரம்பித்து, 2020 பிப்ரவரியில் உலகமே கவனிக்கிற அளவுக்கு மங்கிப் போனது. வெடிக்கப் போகிறது என்று பரபரப்பு கிளம்பியது. வெடிக்கவில்லை. அது கக்கிய தூசி அதன் முகத்தையே மறைத்துவிட்டது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

அந்தக் கூடுதல் குறைச்சலை எழுதி வைப்பதுதான் என் பொழுதுபோக்கு. கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். திருவாதிரையைப் பார்க்கணும், பக்கத்தில் ரோகிணியைப் பார்க்கணும். ரோகிணியின் ஒளி சுமார் 0.9 என்று கணித்து வைத்திருக்கிறார்கள். இது பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் சின்னதானால் பிரகாசம் பெரிசு. திருவாதிரைக்குக் கிழக்கே இன்னொரு வெள்ளை நட்சத்திரம் உண்டு, அது 0.4. இரண்டுக்கும் நடுவே திருவாதிரை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்ணாலேயே நிறுத்து எழுத வேண்டும். அரிசி மாதிரியை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தே ரகம் சொல்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா? அதே கண் போதும்.

இங்கேதான் என் மானம் போன கதை. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் நான் எழுதிய எண்கள் எல்லாமே தூக்கலாக இருந்தன. எனக்கோ பெருமை, நாம்தான் ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று. அக்டோபரில் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. சிவப்பு நட்சத்திரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் நேரம் ஆக ஆக அது பிரகாசம் கூடின மாதிரி தெரியுமாம். கண் செய்கிற மோசம் அது. ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிவிட வேண்டும். நானோ பக்தியோடு ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறேன். இரண்டு மாத உழைப்பும் செல்லாக்காசு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பேரேட்டில் அடிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. பக்கத்தில் சிவப்பு மையில் "உற்றுப் பார்த்து எழுதியது, நம்ப வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

செல்லாக்காசு என்றதும் ஒருவர் ஞாபகம் வருகிறது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் உண்மையில் இந்த மேடைக்கு வர ஒப்புக்கொண்டேன்.

பெயர் ராதாகோபிந்த சந்திரா. வங்காளத்தில் ஜெசூர் என்ற ஊர், இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. 1878இல் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று தடவை தோற்றவர். மூன்று தடவை! அரசுக் கருவூலத்தில் நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று பார்த்துப் பிரிக்கிற சின்ன உத்தியோகம். பகலெல்லாம் காசு, ராத்திரியில் வானம். 1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பைனாகுலரில் பார்த்து எழுதினார். பிறகு கைக்காசைப் போட்டு இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். 1918 ஜூன் மாதம் கழுகு மண்டலத்தில் திடீரென்று ஒரு நட்சத்திரம் பொங்கி எழுந்தது. அதை உலகில் முதல் முதலாகப் பார்த்த சிலரில் இவரும் ஒருவர்.

அதன் பிறகு, ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிப்பவர்களுக்காக அமெரிக்காவில் இருந்த சங்கத்தில் சேர்ந்தார். 1919 முதல் 1954 வரை அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000க்கும் மேல். 35 வருஷத்துக்கு வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேலே வருகிறது! வங்காளத்து மழைக்காலத்தையும் வைத்துக்கொண்டு! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று என் 122 ராத்திரிப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்தச் சங்கம் 1926இல் அவருக்கு ஒரு தொலைநோக்கி அனுப்பியது, 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். கவனியுங்கள், பரிசாக அனுப்பவில்லை. இரவல். உனக்கு வேலை முடிந்தால் அடுத்தவருக்குக் கொடு என்கிற இரவல். தேசப் பிரிவினைக்குப் பிறகு சந்திரா மேற்கு வங்கம் வந்து சேர்ந்தார். 1954ஓடு கவனிப்பை நிறுத்தினார். கடைசிக் காலம் வறுமைதான், 1975இல் காலமானார். தொலைநோக்கி என்னவாயிற்று? நைனிடாலில் வானாய்வகம் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளம் விஞ்ஞானியிடம் போனது. அவரும் மாணவனாக இருந்தபோதே ஹைதராபாத்தில் ஒளி மாறும் நட்சத்திரங்களைப் பார்த்து எழுதியவர். பெயர் வைணு பாப்பு.

பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆமாம், அவரேதான். இதோ நம் ஊருக்குத் தெற்கே, இதே ஜவ்வாது மலைமேல், காவலூரில் வானாய்வகம் கட்டினாரே, அவர். இந்தக் காட்டில் இருட்டு நன்றாக இருக்கிறது, நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதால் தென்வானமும் தெரிகிறது என்று இடம் பார்த்து, 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கினார். ஜெசூர் குமாஸ்தாவின் இரவல் தொலைநோக்கியும் பாப்புவோடு நடந்து நடந்து காவலூருக்கே வந்து சேர்ந்தது. 234 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியைத் திட்டமிட்டவரும் பாப்புதான். அது முடிவதைப் பார்க்க அவர் இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். 1986 ஜனவரி 6ஆம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி வந்து ஆய்வகத்துக்கும் அந்தத் தொலைநோக்கிக்கும் பாப்புவின் பெயரைச் சூட்டினார். இன்றைக்கு ஜனவரி 4. நாளை மறுநாள் சரியாக 40 வருஷம்.

மலைக்கு மேலே அத்தனை பெரிய கண் இருக்கும்போது கீழே என் பைனாகுலருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரிய கருவிக்கு நேரம் வாங்கக் காத்திருக்கிற விஞ்ஞானிகள் ஏராளம். தினமும் ஒரே நட்சத்திரத்தை எட்டிப் பார்த்து "இன்றும் அப்படியே" என்று எழுத அவர்களுக்கு நேரம் ஏது? அது எங்களைப் போல வெட்டியாக இருக்கிறவர்கள் வேலை.

எங்களை விடவும் நன்றாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். போன ஆகஸ்ட் 12 விடியற்காலையில் வெள்ளியும் வியாழனும் ஒட்டிக்கொள்கிற மாதிரி கிட்டே வந்தன. மூன்று நாள் கழித்து வெள்ளிக்கிழமை, நம் ஆட்டுச்சந்தை. விடிய ஐந்து மணி இருக்கும். பைனாகுலரை மாட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். மலையிலிருந்து நாலு வெள்ளாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர், கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு பீடி பற்றவைத்தார். "இன்னா சார் பாக்குற?" என்றார். காட்டினேன். அவர் பைனாகுலரை வாங்கவே இல்லை. "அதுவா? போன சந்தைக்கு வந்தப்போ சின்னது கீழ இருந்துது, விடிவெள்ளி மேல இருந்துது. இப்போ சின்னது மேல ஏறிக்கிச்சே" என்றார். அத்தனையும் சரி! என் நோட்டில் ஒரு வாரம், தேதி போட்டு, படம் வரைந்து எழுதி வைத்திருந்ததை அவர் ஒரு பீடிப் புகையில் சொல்லிவிட்டார். அன்றைய பக்கத்தில் அவர் சொன்னதைத்தான் எழுதினேன், என் படத்தை வரையவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, முழுச் சந்திர கிரகணம். தெருப் பிள்ளைகள் பதினோரு பேர் எங்கள் மாடியில். வீடுகளில் எட்டு மணிக்கே சாப்பாடு முடிந்து பாத்திரங்களில் தர்ப்பை போட்டாயிற்று. பதினோரு மணிக்கு நிலா முழுசாக நிழலுக்குள் போக வேண்டும். மேகம். பிள்ளைகளில் பாதிப் பேர் பாயில் சாய்ந்துவிட்டார்கள். பதினொன்று இருபத்து மூன்றுக்கு மேகம் விலகியது. சூளையில் அரைவேக்காட்டில் எடுத்த செங்கல் மாதிரி நிலா தொங்குகிறது. ஒரு வாண்டு கேட்டது: "தாத்தா, அணைஞ்சி போச்சா?" எட்டு நிமிடம்தான், மறுபடியும் மூடிக்கொண்டது. 2025இல் நான் எழுதிய பக்கங்களிலேயே எனக்குப் பிடித்தது அந்த எட்டு நிமிடப் பக்கம்தான்.

இனி இந்த வருஷக் கணக்கு. தொலைநோக்கி வாங்கப் போகிறீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ஆசை இல்லாமல் இல்லை, விலை விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதற்குப் பதிலாக இந்த நூலகத்தில் இரவல் பைனாகுலர் ஒன்று வைக்கப் போகிறேன். புத்தகம் எடுத்துப் போகிற மாதிரி, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். கூடவே ஒரு நோட்டும் வரும். பைனாகுலரைத் திருப்பித் தரும்போது அந்த நோட்டில் ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும். "மேகம்" என்று எழுதினாலும் போதும்.

எழுத ஒரு காரணமும் தருகிறேன். வடமகுடம் என்ற மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. சாதாரணமாக வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 1866இல் ஒரு தடவை பொங்கியது, 1946இல் இன்னொரு தடவை. சுமார் 80 வருஷம். கூட்டிப் பாருங்கள், இந்த வருஷம் வருகிறது. இரண்டு வருஷமாகவே உலகமெங்கும் காத்திருக்கிறார்கள், நான் கடைசியாகப் பார்த்த ராத்திரி வரை அசைவில்லை. பொங்கினால் துருவ நட்சத்திரம் அளவுக்குத் தெரியும், அதுவும் சில நாள்தான். இப்போது நடுராத்திரிக்கு மேல்தான் எழும்புகிறது. பால் கறக்க எழுந்திருப்பவர்கள், முதல் பஸ்ஸுக்குப் போகிறவர்கள், சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு எழுகிறவர்களால் ஆகாது.

அப்புறம் மார்ச் 3. மறுபடியும் சந்திர கிரகணம். இந்தத் தடவை நிலா எழும்போதே கடித்த மாதிரி எழும், ஆறே முக்காலுக்கெல்லாம் நிழல் விலகிவிடும். அரைமணி நேரம்கூடக் கிடைக்காது. எங்கள் மாடியிலிருந்து கிழக்கே மலை மறைக்கிறது. மறைக்காத இடம் யாருக்காவது தெரிந்தால், ஏரிக்கரையோ வயல்மேடோ, கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வாசல் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே ஒரு தகர மூடி போட்டால் வெளிச்சம் தரையில் விழும், உங்களுக்கும் பாம்பு பல்லி தெரியும், எனக்கும் திருவாதிரை தெரியும். எங்கள் வீட்டு விளக்குக்கே போன மாதம்தான் போட்டேன், அதனால் அதிகம் பேசக்கூடாது.

நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வெளியே போனதும் கிழக்கே பாருங்கள். நிலா எழ இன்னும் கொஞ்ச நேரமாகும், அதற்குள் பளிச்சென்று ஒன்று ஏறியிருக்கும், அதுதான் வியாழன். வருகிற சனிக்கிழமை சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது, இப்போது நல்ல பிரகாசம். பைனாகுலரைத் தூணில் சாய்த்து ஆடாமல் பிடித்தால் பக்கத்தில் ஊசிமுனை மாதிரி நிலாக்கள் தெரியும். அவற்றில் ஒன்று கனிமீட். 1972இல் அது ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது நம் காவலூரிலிருந்து பார்த்து, அதற்கு மெல்லிய காற்றுப்போர்வை இருக்கலாம் என்று எழுதினார்கள். எவ்வளவு மெல்லியது என்று அப்புறம் வாதம் நடந்தது, அது வேறு கதை.

பைனாகுலர் இந்தப் பையில்தான் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது, முதல் பக்கம் காலி. யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?