கூரை யாருடையது?
(தண்ணீர்மலை அடிவாரத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

தோட்டத் தோழர்களே! முருகனைக் கும்பிட்டுப் படியிறங்கிய நாம் வெயிலைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 2025-க்குள் 31 விழுக்காடும் 2035-க்குள் 40 விழுக்காடும் வெயில், நீர் போன்றவற்றால் ஆகவேண்டுமென்று 2021-இல் அரசாங்கம் இலக்கு வைத்தது. 2023-இல் வகுத்த திட்டம் 2050-க்கு 70 விழுக்காடு என்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம்.

ஆனால் பலன் யாருக்கு? 2016-இல் தொடங்கிய ஏற்பாட்டில், கூரையில் சோலார் தகடு மாட்டிய வீட்டுக்காரர் மிஞ்சிய மின்சாரத்தைக் கம்பியில் விட்டு, பில்லில் கழித்துக்கொண்டார். லயத்தில் குடியிருக்கும் நமக்குக் கூரை ஏது? அது நிர்வாகத்துச் சொத்து. வெயில் மட்டுமே நம்முடையது! (கிராணிமாருக்கும் இதே கதிதான்.)

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் கேட்போம்: லயக் கூரைகளில் நிர்வாகம் தகடு பொருத்தட்டும், மிச்சமாகும் காசு குடியிருப்பவர் பில்லில் குறையட்டும்.