நல்ல சேதியையும் நாலு பேருக்குச் சொல்லுவோம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எங்கள் குழுவின் சாதனையைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. கடன் வாங்கினது, மாடு வாங்கினது, தவணை தவறாமல் கட்டினது எல்லாம் மற்ற குழுக்காரங்க நல்லாவே சொல்லிட்டாங்க. நான் சொல்லப் போறது வேற. எங்கள் குழு உறுப்பினர், என் மாமியார், நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து 11 மாதம் ஆகிறது. போன வாரம் திரும்பவும் ஸ்கேன் எடுத்தோம். எங்கேயும் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. "மேடையில சொல்லும்மா, மறைக்காதே" என்று அவங்களேதான் அனுப்பினாங்க.

அத்தைக்கு வயது 58. இருமல் விடவே இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் அக்கா, அவரும் நம்ம மாதிரி ஒரு குழுப் பெண்தான், "2 வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி பரிசோதனை பண்ணியே ஆகணும்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார். காசநோய் இல்லை என்று வந்தது. அதோடு விடவில்லை. எக்ஸ்ரே எடுத்ததில் வலது பக்கம் மேலே ஒரு நிழல் தெரிந்தது. பிறகு ஸ்கேன், ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட். கடைசியில் புற்றுநோய்தான் என்று சொல்லிட்டாங்க.

அந்தச் சேதி அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பார்க்க வந்தவங்க, "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறு மாசம்கூட தாங்கல" என்று அத்தை முன்னாலேயே சொன்னாங்க. பீடி பிடிக்காத பொம்பளைக்கு இது எப்படி வரும் என்று கேட்டாங்க. டாக்டரிடம் கேட்டோம். பீடி சிகரெட்டுதான் பெரிய காரணம், ஆனால் பிடிக்காதவங்களுக்கும் வரும், பக்கத்தில் இருப்பவர் விடும் புகையும் விறகடுப்புப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது, இவருக்கு எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாமா அன்றைக்கு பீடிக்கட்டைக் குப்பைக்குழியில் போட்டவர்தான், இன்றுவரை தொடவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்ததும் குழுக் கூட்டம் போட்டோம். நாங்கள் மொத்தம் 14 பேர். யாரும் அழுது நேரத்தை வீணாக்கவில்லை. இரண்டு மாட்டையும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது மூன்று பேர். பிள்ளைகளுக்குச் சமைத்துப் பள்ளிக்கூடம் அனுப்புவது இரண்டு பேர். ஆஸ்பத்திரியில் என்னோடு மாற்றி மாற்றித் தங்குவது நான்கு பேர். எங்கள் சந்தாவையும் தவணையையும் 3 மாதத்துக்குக் குழுவே கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்வது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. ஆஸ்பத்திரிச் செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லாதவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீசுக்குப் போய் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். நோய் வந்த பிறகு அலைய முடியாது.

வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு மடல் இருக்குமாம். அத்தைக்கு வலது மேல் மடலை எடுத்தாங்க. விலாவில் ஒரு குழாய், அதன் முனையில் தண்ணீர் பாட்டில். மூச்சு விட்டால் அதில் குமிழி வரும். மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை மேலே ஏற்றச் சொன்னாங்க. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளணும். வலியில் அத்தை பந்துக் கருவியைத் தொடவே மாட்டேன் என்றார். தினமும் காலையில் குழுவில் ஒருத்தர் போன் போட்டு, "இன்னைக்கு எத்தனை பந்து ஏத்துனீங்க?" என்று கேட்க ஆரம்பிச்சாங்க. கேள்விக்குப் பதில் சொல்லணுமே என்றே அத்தை ஊத ஆரம்பிச்சாங்க. ஊதக் கூடாது, இழுக்கணும் என்று நர்ஸ் திருத்தினது தனிக்கதை. ஒன்பதாவது நாள் வீட்டுக்கு வந்தோம்.

எடுத்த மடலையும் நெறிக்கட்டிகளையும் டெஸ்டுக்கு அனுப்பியிருந்தாங்க. கட்டி சின்ன நெல்லிக்காய் அளவு, ஓரத்தில் மிச்சம் இல்லை, நெறிக்கட்டிக்குப் பரவவில்லை, கீமோ தேவையில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதையும் கூட்டத்தில் படித்து நோட்டில் எழுதினோம். முழுக்கக் குணம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. 5 வருஷம் விடாமல் வந்து காட்டணும் என்றிருக்கிறார். ஆனாலும் இன்றைக்கு இது நல்ல சேதி.

வீட்டுக்கு வந்த புதிதில் அத்தை குடித்த டம்ளரைத் தனியா வைக்கச் சொன்னவங்க உண்டு. புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. எங்கள் குழுப் பெண்கள் எங்க வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து அத்தையோடு டீ குடிச்சாங்க. சாயங்காலம் ஆளுக்கு ஒருநாள் நடக்கக் கூட்டிட்டுப் போனாங்க. முதல் நாள் பிள்ளையார் கோயில் வரைக்கும்தான். இப்போது கண்மாய்க்கரை வரை போய்த் திரும்பறாங்க.

ரிப்போர்ட்டைப் படித்த அன்று இரவு ஒரு அக்கா எங்க வீட்டுக்கு வந்தார். மார்பில் கட்டி இருந்ததை எட்டு மாதமாகப் புருஷனிடம்கூட சொல்லவில்லை. "உங்க அத்தை எழுந்து நடக்கிறதைப் பார்த்துதான் தைரியம் வந்துச்சு" என்றார். மறுநாளே நான் கூடப் போனேன். சாதாரணக் கட்டி என்று வந்தது. அத்தை பிழைத்த சேதி தெரியாமல் இருந்திருந்தால் அந்த அக்கா இன்னும் மறைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கெட்ட சேதியை நாம் பரப்ப வேண்டியதில்லை, அது தானாகவே போகும். நல்ல சேதியை நாமதான் சொல்லணும். நோயாளியைப் பார்க்கப் போனால் செத்தவங்க கதையைச் சொல்லாதீங்க. "மாட்டை நான் பார்த்துக்கறேன்", "பிள்ளைக்கு நான் சோறு போடறேன்" என்று ஒரு வேலையை எடுத்துக்கிட்டுப் போங்க. ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்திலேயே, யாருக்காவது விடாத இருமலோ, கட்டியோ இருக்கா என்று ஒருதரம் கேளுங்கள். இதுதான் என் வேண்டுகோள்.