எல்லை மூடியபோது



“மவன் சீனாவுல டாக்டருக்குப் படிக்கான்” என்ற பேச்சு எங்கள் கோட்டாறு கம்போளச் சந்தையில் புதிதல்ல. இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காமல், தனியார் கட்டணம் கட்டுப்படியாகாமல், கல்விக்கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அங்கே அனுப்புகிறார்கள்.

2020 தொடக்கத்தில் கொரோனாவுக்கு அஞ்சி ஊர் திரும்பிய பிள்ளைகளுக்கு, அந்த ஆண்டு மார்ச் 28 முதல் சீனா கதவை அடைத்தது. விசா கையில் இருந்தும் போக முடியவில்லை. இந்தியா முழுக்கச் சுமார் 23,000 மாணவர்கள் இப்படி மாட்டிக்கொண்டார்கள். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே ஐந்தரை. வீடு விழிக்கும் முன்னே செல்பேசியில் பாடம். ஆனால் நோயாளியின் வயிற்றை அழுத்தி, ஈரல் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அறிவதைத் திரை கற்றுத்தராது.

இணையத்தில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 பிப்ரவரியில் எச்சரித்தது. இது தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு ஏப்ரல் 29இல் தீர்ப்பு வந்தது: நேரடிப் பயிற்சி இல்லாதவரிடம் நோயாளியை ஒப்படைக்க முடியாது, ஆனாலும் இவர்களுக்கு இரண்டு மாதத்தில் ஒரு வழி காணுங்கள். அதன்படி, ஜூன் 30க்குள் பட்டம் பெற்ற இறுதியாண்டு மாணவர்களை, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வு எழுத விட்டார்கள். தேறியவர்களுக்கு ஓராண்டுக்குப் பதில் ஈராண்டுப் பயிற்சி. நடுவில் படித்துக்கொண்டிருந்தவர்கள் ஆகஸ்ட் 24இல் சீனா மாணவர் விசா வழங்குவதை மீண்டும் தொடங்கும்வரை காத்துக்கிடந்தார்கள். அதன் பிறகும் நேரடி விமானம் இல்லை. பல மடங்கு கட்டணம் கொடுத்து வேறு நாடுகளைச் சுற்றிப் போனார்கள்.

நோயாளியின் உயிரை எண்ணிப் போட்ட விதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கதவை அடைத்தது மாணவர்களா? அந்த இரண்டரை ஆண்டில், விதியைக் கொஞ்சம் தளர்த்தி, ஆசாரிப்பள்ளம் போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவர்களை வார்டுக்குள் விட்டிருக்கலாம். நோயாளிகள் நிரம்பிய, கைகள் போதாத காலம் அது. இரு தரப்புக்கும் உதவியிருக்கும். அதைச் செய்யாமல் விட்டது பெரிய தவறு.

பெற்றோரே, இன்றைய விதிப்படி 54 மாதப் படிப்பையும் 12 மாதப் பயிற்சியையும் அதே வெளிநாட்டுக் கல்லூரியிலேயே முடித்தாக வேண்டும். எல்லை மீண்டும் மூடினால் என்ன வழி, கட்டிய பணம் என்னாகும் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு போதும்.