கூலிக்கு வந்தவன் வீடு

நியூயார்க் என்றதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த மாநகரத்தின் ஆகப் பழைய வீடோ புரூக்ளினில், பட்டறைகளுக்கும் போக்குவரத்துக்கும் நடுவே, கூரை தாழ்ந்து குந்தியிருக்கிறது. வைக்காஃப் பண்ணைவீடு. 1652 வாக்கில் எழுந்தது.

அதில் குடியேறியவன் பிரபுவா, ஜமீன்தாரா? இல்லை! பீட்டர் கிளாசன் என்ற பையன். 1637-இல் கப்பலில் வந்து, ஆல்பனிப் பக்கம் ஒரு டச்சுப் பண்ணையில் ஒப்பந்தக் கூலியாய் உழைத்தவன். தட்டுங்கள் ஐயா, கூலிக்காரனுக்குத் தட்டினால் கை தேய்ந்துவிடாது! வைக்காஃப் என்ற குடும்பப் பெயரே, 1664-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து ஊரைப் பிடித்த பிறகு அவன் வைத்துக்கொண்டதுதான்.

முதலில் ஒரே ஓர் அறை. மண் தரை. சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. அவனுக்கும் மனைவி கிரீட்யேவுக்கும் பதினோரு பிள்ளைகள்! டச்சுக்காரர்களின் கதவு குறுக்கே இரண்டாக வெட்டியது. மேல்பாதியைத் திறந்தால் காற்றும் வெளிச்சமும் வரும். கீழ்ப்பாதி சாத்தியிருப்பதால் கோழி உள்ளே நுழையாது. நம்மூரிலும் சில பெரிய மனிதர்கள் வீட்டில் கதவு இருக்கிறது. ஓட்டுக் கேட்கிற மாதத்தில் இரண்டு பாதியும் திறந்து கிடக்கும். ஜெயித்த மறுநாள் சாவித்துவாரத்தில்கூடக் காற்றுப் போகாது! பேர் எதற்கு? முன்வரிசையில் சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சரி, புரூக்ளினுக்கே வருவோம். 1901 வரை அந்தக் குடும்பம் அங்கேயே இருந்தது. 1937-இல் வம்சாவளியினர் சங்கம் கண்டார்கள். 1961-இல் வீட்டை விலைக்கு வாங்கினார்கள். 1965-இல் நியூயார்க் நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குப் பட்டியல் போட்டபோது முதல் பெயர் இதுதான். பிறகு நகரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். பழுது பார்த்து 1982-இல் அருங்காட்சியகமாய்த் திறந்தது. பாட்டன் வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கத்தான் பேரன்கள் கூடுவார்கள். இவர்கள் வாங்கக் கூடினார்கள்!

ஆனால் ஒன்று நெஞ்சில் முள்ளாய்க் குத்துகிறது. கூலியாய் வந்தவனின் குடும்பம் பின்னால் அடிமைகளை வைத்து வேலை வாங்கியது. 1790 கணக்கெடுப்பில், புரூக்ளின் இருக்கிற கிங்ஸ் மாவட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அடிமை. நியூயார்க்கில் அந்தக் கொடுமை ஒழிய 1827 ஆயிற்று. வைக்காஃப் வம்சத்துக்குத் தடித்தடியாய்க் குடும்ப வரலாறு இருக்கிறது. அறுவடை செய்தவனுக்கு? அவன் யார், அவன் பிள்ளைகள் எங்கே போனார்கள், எந்தப் புத்தகத்தில் ஐயா இருக்கிறது?

இன்று அந்தப் பேட்டையில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அருங்காட்சியகம் அவர்களிடம் வைக்காஃப் பெருமையோடு நிறுத்திக்கொள்வதில்லை. அங்கே அடிமைப்பட்டு உழைத்தவர்களின் கதையையும் சொல்கிறது. தோட்டத்தில் இப்போதும் காய்கறி விளைகிறது.