மண் சுமந்த அயலார்



1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த பூகம்பத்தால் பீகார் சீர்குலைந்தது. சுவிட்சர்லாந்தின் பொறியியலாளர் பியேர் செரெசோல், 50 வயதைக் கடந்தும், சில தோழர்களுடன் முசாபர்பூர்ப் பகுதிக்கு வந்தார். பூகம்பத்தின்பின் வெள்ளத்துக்கு உட்பட்ட கிராமத்தாருக்கு மேட்டு நிலத்தில் புதிய ஊர்கள் அமைப்பதே அவர்தம் பணி. பொருளுதவியோடு அவர்கள் அமையவில்லை. கொளுத்தும் வெயிலில் குடியானவர்களோடு நின்று நாள்தோறும் மண் வெட்டினர். ஈவோன், ஏற்போன் என்ற வேற்றுமைக்கு அங்கே இடமேது?

பிழைப்பின் பொருட்டுப் பீகார் வந்த நாமும் இம்மண்ணின் உப்பை உண்கிறோம். வடபீகாரில் ஆறுகள் இன்றும் குடிசைகளைக் கொண்டுபோகின்றன. சங்கத்தின் வெள்ள நிதிக்குப் பணம் தருவோம். வெள்ளம் வடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் கூடை ஏந்திச் செல்வோம். எழுதும் கைக்கு அது இழுக்கன்று.