காட்டுவழி யாத்திரைக்கு ஆயத்தம்

(எமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நமது சங்கத்து அங்கத்தவர் இருபதின்மர், வரும் கதிர்காம உற்சவத்துக்கு உகந்தையிலிருந்து காட்டுவழியே நடந்து செல்வதெனத் தீர்மானித்திருக்கின்றனர். அதற்கான ஆயத்தங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். சென்ற கூட்டத்திலே பெரியவர் ஒருவர், "முருகனிடம் போகிறவனுக்குத் திட்டம் எதற்கு? அவன் பார்த்துக்கொள்வான்" என்றார். வாலிபர் ஒருவரோ, "நல்ல கூடாரமும் நல்ல சப்பாத்தும் இருந்தால் எந்தக் காட்டையும் கடக்கலாம்" என்றார். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை நான் காட்டிலே கற்றேன்.

முதலில் நாம் செல்லும் இடத்தை அறிந்துகொள்வோம். உகந்தைமலை முருகன் சந்நிதியைக் கடந்தால் குமண தேசிய வனம். 1970இல் யால கிழக்குத் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இது, 2006இல் இப்பெயரைப் பெற்றது. இதன் தென்னெல்லை கும்புக்கன் ஆறு. அதற்கு அப்பாலும் யாலக் காடு தொடர்கிறது. யால தேசிய வனமானது 1938இல். நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்பன அடியார்கள் தங்கிச் செல்லும் இடங்கள். ஐந்தாறு நாட்கள் கடையுமில்லை, கூரையுமில்லை. யாலவைப் பார்க்கச் செல்வோர், குறித்த சில இடங்களிலன்றி வாகனத்தை விட்டு இறங்கலாகாது என்பது விதி. அத்தகைய காட்டுவழி, அடியார்கள் கால்நடையாகச் செல்வதற்கென ஆண்டில் சில நாட்களே திறக்கப்படுகிறது. ஆகவே, வழி திறக்கும் நாளையும் மூடும் நாளையும் விசாரித்தறிதலே ஆயத்தத்தின் முதற்படி.

நிற்க. என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். யான் மிஷன் பாடசாலையொன்றில் படித்தவன். அங்கே சாரணனாயிருந்து முடிச்சுப் போடவும் கூடாரமடிக்கவும் பழகியவன். ஆகையால் இரண்டாண்டுகளுக்கு முன் முதன்முறை இவ்வழி சென்றபோது, எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் இருந்தது. முப்பத்தொரு பொருட்களுக்கு அட்டவணை போட்டேன். முதுகுச் சுமை பதினெட்டுக் கிலோ வந்தது. தண்ணீருக்கோ இரண்டு போத்தல்கள் மாத்திரம். படத்திலே ஆறுகள் இருந்தன அன்றோ!

படத்திலிருந்த ஆறு வெறும் மணலாய்க் கிடந்தது. நண்பகலுக்கு முன்னரே போத்தல்கள் வறண்டன. கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொள்ள, ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தோழர்கள் முன்னே போய்விட்டார்கள். பின்னால் மட்டக்களப்பு ஆச்சி ஒருவர் பேத்தியுடன் வந்தார். தலையில் சிறு துணிமூட்டை, கையில் ஒரு தண்ணீர்க் கான். என்னையும் என் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாமானைச் சுமந்து வந்திருக்கிறாய் மகன், தண்ணியைச் சுமக்க மறந்திட்டாய்" என்று சொல்லி, தம்மிடமிருந்ததில் பாதியை என் போத்தலில் ஊற்றினார்.

அன்று மாலை, தங்குமிடத்து ஆற்று மணலைச் சிரட்டையால் தோண்டி, ஊறிவந்த நீர் தெளியும்வரை அவர் காத்திருந்ததைக் கண்டேன். உதடுகள் வெடித்திருந்தன. மீதி நீரைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு, நண்பகல் முதல் அவர் ஒரு மிடறும் அருந்தவில்லை என்று பின்னரே அறிந்தேன். அன்று முருகன் என்னைப் பார்த்துக்கொண்டான் என்பது மெய்யே. ஆனால் அந்த ஆச்சியின் தண்ணீரைக் கொண்டே பார்த்துக்கொண்டான். திட்டமிடாதவனுடைய சுமை இன்னொருவர் தலையில் ஏறுகிறது. இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

இனி நமது ஆயத்தங்கள். வெயிலில் நடந்து, சமைத்து, குடிக்க ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீராவது வேண்டும். அது நான்கு கிலோ. மொத்தச் சுமை உடல் நிறையில் ஐந்திலொன்றுக்கு மேற்படலாகாது. ஐம்பது கிலோ நிறையுள்ளவருக்குப் பத்துக் கிலோ. அதில் நீர் போக ஆறு கிலோவே மிச்சம். அரிசி, பருப்பு, அவல், சர்க்கரை, ஒரு சாரம், ஒரு போர்வை, இருவருக்கு ஒரு தறப்பாள் என்பவற்றுடன் அது நிரம்பிவிடும். சில இடங்களில் நீர்த்தாங்கிகள் வைக்கப்படுவதுண்டு. கிடைத்தால் நன்றி சொல்வோம். கிடைக்காது என்றே கணக்கிடுவோம். ஊற்றுநீரைத் துணியில் வடித்து, நன்கு கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். வயிற்றோட்டம் கண்டால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். புதுச் சப்பாத்து வேண்டாம். பழகியதே காலைக் காக்கும்.

ஆற்றங்கரையோரம் படுக்கலாகாது, முதலை உண்டு, இரவில் யானை நீருக்கு வரும். அது பாலைப்பழம் பழுக்கும் காலமாதலால், கரடி தேடிவரும் பாலை மரத்தடியும் ஆகாது. மலங்கழிக்க, நீர்நிலைக்கு இருநூறு அடி அப்பால் அரையடி ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். அடுப்பை அவித்து, சாம்பல் குளிர்ந்த பின்னரே புறப்பட வேண்டும். கொண்டுபோன பொலித்தீன் ஒவ்வொன்றும் நம்முடன் திரும்ப வேண்டும். வள்ளியின் காடென்று கும்பிட்டு நுழைந்துவிட்டு, அங்கே குப்பையைப் போட்டு வருவது எவ்வகைப் பக்தி?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்முடன் வர விரும்பும் பெரியோர் நால்வர் இருக்கின்றனர். வேகமாய் நடப்பவன் முன்னே போவது வழக்கம், அதனை மாற்றுவோம். மிக மெதுவாய் நடப்பவர் முன்னே செல்லட்டும். நம்முள் வலியவன், ஒரு லீற்றர் நீர் மேலதிகமாய்ச் சுமந்து, கடைசியில் வரட்டும். அவ்விடத்தை எனக்குத் தருமாறு சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆச்சியின் பெயரைக் கேட்கவும் மறந்துவிட்டேன். அவருக்கு நான் பட்ட கடனை வேறெவ்வாறு தீர்ப்பது?