வயலும் வைரஸும்

மருந்தடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கும் விவசாயத் தோழர்களே!

நிணநீர்ப் புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் "தலையெழுத்து" என்கிறோம். அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. காரணம் உகாண்டாவில் இருக்கிறது.

1957. கம்பாலாவின் முலாகோ மருத்துவமனை. டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு சிறுவனைக் காட்டுகிறார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, இரண்டு பக்கமும் வீக்கம். சில வாரம் கழித்து ஜின்ஜா ஊர் மருத்துவமனையில் ஜன்னல் வழியே பார்க்கிறார். புல்தரையில் அதே வீங்கிய முகத்தோடு இன்னொரு குழந்தை! மனிதர் சும்மா இருக்கவில்லை. 1961-ல் பழைய கார் ஒன்றில், இரண்டு மருத்துவ நண்பர்களோடு, 10,000 மைல் சுற்றினார். போன இடமெல்லாம் கட்டியின் படத்தை நீட்டி, "இந்தக் கட்டி இங்கே உண்டா?" என்று கேட்டார். வெயிலும் மழையும் மிகுந்த தாழ்நிலத்தில் உண்டு என்றார்கள். குளிர்ந்த மலைநாட்டில் இல்லை. மலேரியா வாட்டிய மண்ணில்தான் அந்தக் கட்டி, அதாவது அந்த நிணநீர்ப் புற்றுநோய், இருந்தது.

அந்தக் கட்டியின் துண்டு ஒன்று லண்டனுக்கு விமானத்தில் போனது. பனிமூட்டத்தால் தாமதம். வந்து சேர்ந்தபோது குப்பித் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கலாம். அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஆண்டனி எப்ஸ்டீன் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். உயிருள்ள புற்றுச் செல்கள் மிதந்தன! அவற்றை வளர்த்து, 1964-ல் எப்ஸ்டீன், அவருடன் பணியாற்றிய அச்சோங், பார் ஆகிய மூவரும் அவற்றுக்குள் ஒரு வைரஸைக் கண்டறிந்து அறிவித்தார்கள்.

அந்த வைரஸ், பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. இந்தப் பந்தலிலும்தான். பெரும்பாலோரை அது ஒன்றும் செய்வதில்லை. மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கிய குழந்தையின் உடலில் எதிர்ப்புச் செல்கள் ஓய்வில்லாமல் பெருகின. வைரஸை அடக்கும் காவல் தளர்ந்தது. பெருகிய செல்லில் ஒன்று தடம் மாறியது. வைரஸோடு கொசுவும், கொசு வளரும் தேங்கிய நீரும் சேர்ந்த வினை அது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கமாக்சின் பவுடர் நினைவிருக்கிறதா? எறும்புக்கும் கறையானுக்கும் வெறுங்கையால் தூவினோமே! அதில் இருந்தது லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி. சிரங்குக்குப் பூசிய மருந்திலும் அதுவே. அது நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் உறுதி செய்தது. அமெரிக்க, கனடிய விவசாய ஆய்வுகளில், அதோடு புழங்கியவர்களுக்கு ஆபத்து 60 சதவீதம் கூடுதல். நம் நாட்டில் அதைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்துவது 2013-ல் தடை செய்யப்பட்டது. பட்டவர்கள் எல்லோருக்கும் நோய் வராது, பயந்து சாகவேண்டாம்.

வைரஸ் என்று சொன்னேனே என்று நோயாளியின் தட்டைத் தனியாக வைத்துவிடாதீர்கள், புற்றுநோய் ஒட்டாது. கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி இரண்டு மூன்று வாரமாகியும் வடியவில்லையா? வலிக்கவில்லையே என்று விடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஊராட்சித் தலைவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். ஐயா, கூலிக்கு மருந்தடிப்பவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் இந்தப் போகத்துக்குள் கிடைக்க வழி செய்யுங்கள். தேங்கிய குட்டைகளைச் சுத்தம் செய்ய ஆள் போடுங்கள். எந்தத் தேதிக்குள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள், ஐயா.